கடைசிப் பந்தியில் மூன்றடி

பிஸ்கால் அளவு நாடாவோடு வந்து நிற்கிறார் என்று என் கட்சிக்காரரான அந்தத் தாய் தொலைபேசியில் சொன்னபோது நான் வேறொரு வழக்குக்காக நீதிமன்ற விறாந்தையில் நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டிருந்தேன் என்பது பொய். எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. கறுப்புக் கோட்டுப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக ஒரு தூணிலிருந்து மற்றத் தூணுக்கு நடந்துகொண்டிருந்தேன். இருபது வருடத் தொழிலில் நான் நடந்த நடையைச் சேர்த்துப் பார்த்தால் யாழ்ப்பாணத்துக்கே நடந்து போய் வந்திருக்கலாம்.

தீர்ப்பில் எழுதியிருப்பதை நிலத்தில் நடைமுறைப்படுத்திக் கொடுக்கும் நீதிமன்ற அலுவலரைத்தான் நாங்கள் பிஸ்கால் என்போம். அவர் வருவது வென்றவர்களுக்கு நல்ல நாள். ஆனால் அந்தத் தாயின் குரலில் நல்ல நாள் இல்லை.

"மிஸ், இவங்க மூணடி தான் அளக்கிறாங்க. அதுவும் படிக்கட்டுப் பக்கமா. எட்டடி எண்டு தானே நீங்க சொன்னீங்க?"

"ஓம், எட்டடிதான். பிஸ்காலிட்ட போனைக் குடுங்கோ."

பிஸ்கால் மரியாதையான மனிதர். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: தன் கையில் இருக்கும் கட்டளையில் மூன்றடி நடைபாதை என்றுதான் இருக்கிறது, அதற்கு மேல் ஓர் அங்குலமும் தன்னால் அளக்க முடியாது. நான் அவர்மேல் பாய்ந்தேன். பாய வேண்டிய ஆள் அவர் இல்லை என்று தெரிந்தும் பாய்ந்தேன். பிறகு தாயிடம், "நான் வாறன். அதுவரைக்கும் ஒண்டிலயும் கையெழுத்து வைக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த வழக்கை விறாந்தையில் அகப்பட்ட ஒரு நண்பியிடம் தள்ளிவிட்டு ஓடினேன்.

கண்டியிலிருந்து திகனைக்குப் பெரிய தூரமில்லை. ஆனால் அன்றைக்குத் தென்னக்கும்புரப் பாலத்தடியில் பஸ் நின்றது நின்றதுதான். நான் தீர்ப்பின் பிரதியை மடியில் வைத்துப் புரட்டினேன். பதினேழாம் பக்கம் எனக்கு மனப்பாடம். மன்று அனுப்பிய நில அளவையாளரின் வரைபடத்தில் இரண்டாம் துண்டாகக் காட்டப்பட்ட எட்டடிப் பாதை வழக்காளிக்கு அவசியமானது, நடக்க முடியாத பிள்ளையை வாகனத்தில் ஏற்றிச் செல்ல அதைவிட வேறு வழியில்லை என்று நீதிபதி தெளிவாக, அழகாகக் கூட எழுதியிருந்தார். தீர்ப்பின் பிரதி கிடைத்த அன்று அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு நான் துள்ளிக் குதிக்காத குறை. அதற்குப் பிறகு இருந்தது ஒன்றரைப் பக்கம். பஸ்ஸில் இருந்தபடி அந்த ஒன்றரைப் பக்கத்தை வாசித்தேன்.

கடைசிப் பந்தியில், முடிவைச் சொல்லும் அந்தப் பத்தியில், நீதிபதி எழுதியிருந்தார்: வழக்காளி இன்ன திகதிய வழக்குரையில் வேண்டியவாறு தீர்ப்பு வழங்கப்படுகிறது. அந்தத் திகதி பிழை. அது முதல் வழக்குரையின் திகதி. முதல் வழக்குரையில் நாங்கள் கேட்டிருந்தது மூன்றடி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தத் தாய் தன் சொந்த மூத்த சகோதரனுக்கு எதிராக, நானா என்று அவர் கூப்பிடும் மனிதருக்கு எதிராக, வழக்குப் போட்டிருந்தார். அவர்களுடைய வாப்பா இருக்கும்போதே காணியைப் பிரித்து, வீதியோரத்து முன்துண்டை மகனுக்கும் வீடிருந்த பின்துண்டை மகளுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். நானா முன்னால் ஹார்ட்வெயார் கடை போட்டார். வீட்டிலிருந்து வீதிக்கு வர ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு படிகள். அதை நானா மதில் கட்டி மறிக்கப் பார்த்தபோதுதான் அந்தத் தாய் முதன்முதலாக என்னிடம் வந்தார். கணவர் கட்டாரில். மகளுக்கு அப்போது எட்டு வயது, காலில் பலம் குறைந்துகொண்டு வந்தாலும் கைபிடித்தால் படியேறுவாள். படிக்கட்டைக் காப்பாற்றினால் போதும் என்று நினைத்து மூன்றடி கேட்டு வழக்குப் போட்டேன்.

எங்கள் நாட்டில் காணி வழக்கு பிள்ளையைப் போல வளரும். இந்த வழக்கு வளர வளர அந்தப் பிள்ளையின் கால்கள் முற்றாகச் செயலற்றுப் போயின. சக்கரக் கதிரை வந்தது. படிக்கட்டு அவர்களுக்கு இனி ஒன்றுக்கும் உதவாது. மறு பக்கத்தில், கடையோடு ஒட்டி, சாய்வாக இறங்கும் ஒரு துண்டு நிலம் இருந்தது. நானா அதில் சீமெந்துப் பைகளும் தகரமும் அடுக்கி வைத்திருந்தார். முச்சக்கர வண்டி அதனூடாக வீட்டு வாசல் வரை வரும். அதனால் வழக்குரையைத் திருத்தி, அந்தப் பக்கத்தால் எட்டடிப் பாதை கேட்டோம். வழக்குரையைத் திருத்திவிட்டால் பழையது செத்த மாதிரி. விசாரணை முழுக்க எட்டடியைப் பற்றித்தான். நில அளவையாளர் எட்டடியைத்தான் கீறினார். நானாவின் சட்டத்தரணி எட்டடியை எதிர்த்துத்தான் குறுக்கு விசாரணை செய்தார். கடைசியில் நீதிபதி செத்துப்போன மூன்றடியை எழுப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் திகனையில் இறங்கியபோது பிஸ்கால் போய்விட்டிருந்தார். படிக்கட்டின் இரு கரையிலும் சிவப்புப் பூச்சுப் பூசிய மரக்கட்டைகள் அறைந்திருந்தன. நானா கடை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். உள்ளே பதினைந்து வயதுப் பிள்ளை சன்னலோரம் கதிரையில் இருந்தாள். கால்கள் செயலற்ற புதிதில் அவளைத் தாய் முதுகில் சுமந்து படியேற்றிப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார். ஆனால் கடை வாசலில் எப்போதும் நாலு ஆண்கள் நிற்பார்கள். வயதுக்கு வந்த பிறகு அவர்கள் முன்னால் தாயின் முதுகில் தொங்கிக்கொண்டு போகமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். தீர்ப்புச் சொன்ன அன்று, இனி வாசலுக்கே வண்டி வரும், பள்ளிக்குப் போகலாம் என்று தாய் அவளிடம் சொல்லியிருந்தார். தாயிடம் அப்படிச் சொன்னது நான்.

"எப்ப மிஸ் வண்டி வரும்?" என்று பிள்ளை கேட்டாள்.

"கெதியா," என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்றைக்கு எனக்கு அந்த நீதிபதிமேல் வந்த கோபத்தை எழுத இந்தத் தாள் காணாது. அவர் அதற்குள் மாற்றலாகி வேறு மாகாணத்துக்குப் போய்விட்டிருந்தார். திறந்த மன்றில் தீர்ப்புச் சொன்ன நாளில் "வழக்காளிக்குச் சார்பாகத் தீர்ப்பு" என்ற ஒரு வரியைத்தான் வாசித்தார். தட்டச்சுப் பிரதி வந்து சேர வாரங்கள் ஆயின. மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்கச் சட்டம் தரும் பதினான்கு நாளும் அதற்குள் பறந்துவிட்டன. வென்றவள் எதற்கு மேன்முறையீடு செய்யப் போகிறாள் என்று நானும் நாட்களை எண்ணவில்லை. தட்டச்சாளர், பதிவாளர், கட்டளை எழுதிய எழுதுவினைஞர், எல்லோரையும் மனத்துக்குள் வரிசையாக நிறுத்தி வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீட்டில் சோற்றுக் கோப்பையை நங்கென்று வைத்தேன். கணவர் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார், அனுபவசாலி.

நீதிபதி பிழை விட்டார் என்று எங்கள் தொழிலில் நேராகச் சொல்லவே முடியாது. அதற்கென்று ஒரு தனிப் பேச்சு இருக்கிறது. கற்றறிந்த நீதிபதி தம்மைத் தாமே தவறாக நெறிப்படுத்திக்கொண்டார் என்போம். இன்ன விடயம் மன்றின் கவனத்திலிருந்து தவறிவிட்டது என்று பணிவுடன் சுட்டிக்காட்டுவோம். இன்னும் மோசமானால் லத்தீனில் ஒளிந்துகொள்வோம்: பர் இன்கியூரியம், அதாவது கவனக்குறைவால் வழங்கப்பட்ட கட்டளை. எவ்வளவு பெரிய பிழையையும் பட்டுத்துணியில் சுற்றித்தான் மேசையில் வைக்க வேண்டும். எனக்கு அந்தப் பட்டுத்துணி சுற்றும் வேலை எப்போதுமே எரிச்சல்.

வழிகள் மூன்று இருந்தன. பிந்திய மேன்முறையீட்டுக்கு மன்றாடுவது, மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்பது, இரண்டுக்கும் வருடக்கணக்காகும். மூன்றாவது, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் இருக்கும் ஒரு சின்னப் பிரிவு. எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் தற்செயலான வழுவலால் வந்த பிழையையும் தீர்ப்பு வழங்கிய அதே நீதிமன்றம் எப்போதும் திருத்தலாம் என்கிறது அது. தீர்ப்பின் கருத்தை மாற்ற முடியாது, கைதவறியதை மட்டும் சரிசெய்யலாம். இது கைதவறியதுதானே? பதினேழாம் பக்கம் ஒன்று சொல்கிறது, பத்தொன்பதாம் பக்கம் இன்னொன்று சொல்கிறது. மறுநாள் காலையிலேயே திருத்தம் கேட்கும் மோஷனை எழுதத் தொடங்கினேன். கோபத்தில் எழுதியதால் வசனங்கள் தாமாக ஓடின.

எழுத்து முடியும் தறுவாயில் சட்டத்தரணிகளின் கன்டீனுக்குப் போனேன். நானாவின் சட்டத்தரணி அங்கே இருந்தார். கண்டி மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், குரலை உயர்த்தத் தெரியாதவர். மன்றில் எதிரெதிரே நின்று முட்டிக்கொண்டாலும் கன்டீனில் ஒரே மேசைதான்.

"வாங்க, உக்காருங்க," என்றார். "டீ சொல்லவா? மொகம் சரியில்லையே."

"உங்கட கட்சிக்காரருக்கு அதிர்ஷ்டம்," என்றேன். "நீதிபதியே அவருக்காக மூன்றடியாக் குறைச்சிட்டார்."

அவர் தேநீரை ஊதினார். "அது எனக்கு அன்னைக்கே தெரியுங்க. தோத்தவன் கடைசிப் பக்கத்தைத்தானே மொதல்ல பாப்பான்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"நான் யாருக்கு வக்கீல்? உங்களுக்கா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மோஷன்ல என்னான்னு எழுதியிருக்கீங்க? கோர்ட்டோட கைதவறல்னா?"

"வேற என்ன?"

"உங்க எழுத்துச் சமர்ப்பணத்தோட கடைசிப் பந்தியைப் பாத்தீங்களா?"

நான் தேநீருக்குக் காத்திருக்கவில்லை. படியில் தாவி ஏறி, பதிவறையில் வழக்கேட்டை வாங்கி, நின்றபடியே புரட்டினேன். விசாரணை முடிந்தபின் இரு தரப்பும் தங்கள் வாதத்தை எழுத்தில் கொடுப்போம். நீதிபதி அதை வைத்துக்கொண்டுதான் தீர்ப்பு எழுதுவார். என் சமர்ப்பணம் இருபத்தாறு பக்கம். இருபத்தைந்தரைப் பக்கத்துக்கு எட்டடி, எட்டடி என்று தொண்டை வரளக் கத்தியிருந்தேன். கடைசிப் பந்தியில், இன்ன திகதிய வழக்குரையில் வேண்டியவாறு தீர்ப்பு வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தேன். பழைய திகதி. நீதிபதி அந்த வரியை அப்படியே தூக்கித் தன் தீர்ப்பில் வைத்திருந்தார்.

எங்கள் தொழிலில் கடைசிப் பந்தியை யாரும் புதிதாக எழுதுவதில்லை. பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டுவோம். இந்த வழக்கின் ஆரம்பத்தில், மதில் கட்டுவதை நிறுத்தத் தடைக்கட்டளை கேட்டு நான் எழுதிய ஒரு சமர்ப்பணம் கணினியில் இருந்தது. அதன் வாலை வெட்டி இதற்கு ஒட்டியிருக்கிறேன். அன்றைக்குப் பெரஹெரா ஊர்வலத்துக்காக மத்தியானத்தோடு வீதிகளை மூடப் போகிறார்கள் என்று அவசரம். அவசரம் எனக்கு என்றைக்குத்தான் இல்லை? நீதிபதிமாரும் அப்படித்தான், வென்ற பக்கத்துச் சமர்ப்பணத்தின் வாலை எடுத்துத் தீர்ப்புக்கு ஒட்டுவார்கள். நான் வெட்டினேன், அவர் ஒட்டினார், பிஸ்கால் கட்டை அறைந்தார். முந்திய நாள் நான் வரிசையில் நிறுத்தித் திட்டிய ஆட்களின் முன்னால் இப்போது நானே போய் நின்றேன்.

வெட்கம் என்று எழுதினால் அது மிகச் சின்னச் சொல். காது இரண்டும் சுட்டன. ஆனால் வெட்கத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. நீதிமன்றம் விட்ட பிழையை நீதிமன்றம் திருத்தும். சட்டத்தரணி விட்ட பிழையோ கட்சிக்காரரின் தலையில்தான் விடியும்; உன் சட்டத்தரணி கேட்டதைத்தானே உனக்குக் கொடுத்தோம் என்று மன்று சொல்லலாம். அப்படிச் சொன்ன தீர்ப்புகள் உண்டு, நானே அவற்றை எதிராளிகளுக்கு எதிராகக் காட்டி வென்றிருக்கிறேன். நான் உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளையின் எட்டடி போய்விடலாம். சொல்லாவிட்டால் கிடைக்கலாம். இப்படி ஒரு கணக்கு வரும் என்று சட்டக் கல்லூரியில் எவரும் சொல்லித் தரவில்லை.

அந்த வாரம் முழுக்க வாவியைச் சுற்றி நடந்தேன். காலையில் ஒரு சுற்று, வேலை முடிந்து ஒரு சுற்று. சொல்லு என்று ஒரு பக்கமும் வாயை மூடு என்று ஒரு பக்கமும் இழுத்தன. கட்சிக்காரரின் நலன்தான் முதலில் என்று என்னைச் சமாதானப்படுத்துவேன். அடுத்த நிமிடமே, உன் மானத்தைக் காப்பாற்ற அவரை ஏன் சாக்காக்குகிறாய் என்று எனக்கே எரிச்சல் வரும். இரண்டும் உண்மையாக இருந்ததுதான் தொல்லை. கடைசியில் ஒரு கோழைத்தனமான வழியைக் கண்டுபிடித்தேன். யார் செய்தது என்று சொல்லாமல் எழுதினேன்: தீர்ப்பின் இறுதிப் பந்தியில் திகதி தொடர்பாகத் தற்செயலான வழுவல் ஒன்று நிகழ்ந்துள்ளது. நிகழ்ந்துள்ளது. மழை பெய்தது போல.

மோஷனோடு சத்தியக்கடதாசி ஒன்றும் வேண்டும். அதில் கையெழுத்து வைக்க வேண்டியவர் அந்தத் தாய். அவர் திகனையிலிருந்து பஸ் ஏறி வந்து, என் மேசைக்கு முன்னால் கதிரையின் நுனியில் இருந்தார்.

"யாருட பிழை மிஸ் இது?" என்று கேட்டார்.

"தீர்ப்பில ஒரு வழுவல்," என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை. நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். அவருடைய கையெழுத்து காய்வதற்குள் தாளை இழுத்துக் கோப்பில் போட்டேன்.

தவணைகள் போட்டுப் போட்டு, மோஷன் விசாரணைக்கு வர நாலு மாதத்துக்கு மேலாகியது. புதிய நீதிபதி ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். இன்னொருவர் எழுதிய தீர்ப்பில் கைவைக்க எந்த நீதிபதிக்கும் விருப்பமிருக்காது. எழுதியவரின் மனத்தில் என்ன இருந்தது என்று இவர் எப்படிச் சொல்வது? நான் பதினேழாம் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். மஹய்யாவைக்காரர் எழுந்து, தன் கட்சிக்காரர் தீர்ப்பை நம்பிக் கடையை விரிவாக்கத் தொடங்கிவிட்டார் என்றும், எட்டடி என்பது எழுத்துப் பிழைத் திருத்தம் அல்ல, புதுத் தீர்ப்பு என்றும் சொன்னார். என் சமர்ப்பணத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. முன்னால் இருந்த கோப்பின் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

நீதிபதி வழக்கேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "திருத்திய வழக்குரை வந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு, இந்தப் பழைய திகதி தீர்ப்புக்குள் எங்கிருந்து வந்தது?"

சொல்லாமல் விடப் பல வழி இருந்தது. வழக்கேட்டைப் பார்த்துச் சொல்கிறேன் எனலாம். அதற்கென்று ஒரு தவணை கூடக் கேட்கலாம். பின் வரிசை வாங்கில் தாய் இருந்தார்; மன்றில் பேச்சு சிங்களத்தில்தான், ஆனால் திகனையில் கடை வைத்திருக்கும் குடும்பம், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, ஒரு சொல்லும் அவருக்குத் தப்பாது. ஆனால் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது, அது அதன் வழக்கம்.

"என்னிடமிருந்து வந்தது," என்றேன். "என் எழுத்துச் சமர்ப்பணத்தின் கடைசிப் பந்தியிலிருந்து. நான் பழைய கோப்பிலிருந்து அதை எடுத்து ஒட்டினேன். வழக்காளிக்கு இது தெரியாது."

மன்றில் முன்வரிசையில் இருந்த இளம் சட்டத்தரணிகள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் புன்னகைத்தார். நீதிபதி அந்தப் பக்கத்தை எடுத்து, வாசித்து, நேரமெடுத்து ஏதோ எழுதினார். கட்டளைக்கு இரண்டு வாரத் தவணை போட்டார்.

விறாந்தையில் மஹய்யாவைக்காரர் என் பக்கத்தில் வந்து, "நீங்க சொல்லலேன்னா நான் சொல்லித்தான் இருப்பேன்," என்றார். "ரெண்டு நிமிஷம் விட்டுப் பாத்தேன்." அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி சொல்ல வேண்டும். எனக்கோ அவரைப் பிடித்துத் தள்ளிவிட வேண்டும் போலிருந்தது.

தாய் தூணருகே நின்றார். நான் போய் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிழ எல்லாருக்கும் வரும் மிஸ். அது பரவால்ல. நான் கையெழுத்து வெச்ச கடதாசில அது இல்லயே. ஜட்ஜ் அம்மாக்கு சொல்ல முந்தி எனக்கிட்ட சொல்லியிருந்தா என்ன?"

அவர் என்னோடு சேர்ந்து பஸ் நிலையத்துக்கு நடப்பது வழக்கம். அன்றைக்குத் தனியாகப் போனார்.

அந்த இரண்டு வாரமும் நான் ஒரு வேலையையும் ஒழுங்காகச் செய்யவில்லை. ஒவ்வொரு கோப்பாக எடுத்து ஒவ்வொரு கடைசிப் பந்தியையும் வாசித்தேன். இரண்டில் பிழை இருந்தது. ஒன்றில் வேறொரு வழக்குக்காரரின் பெயரே இருந்தது.

கட்டளை நாலு பக்கம். பிழை எந்தக் கையில் பிறந்தது என்பதல்ல கேள்வி என்று நீதிபதி எழுதியிருந்தார். தீர்ப்பை எழுதியவர் எதைத் தீர்மானித்தார் என்பது பதினேழாம் பக்கத்தில் ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது. கடைசிப் பந்தி அதை வெளிப்படுத்தத் தவறியிருக்கிறது. சமர்ப்பணத்தில் இருந்த பிழையை மன்று கவனிக்காமல் ஏற்றுக்கொண்டபோது அது மன்றின் வழுவலுமாகிவிட்டது. தன் வழுவலால் எவரையும் துன்பப்பட விட மன்றுக்கு உரிமையில்லை. தீர்ப்புத் திருத்தப்படுகிறது. வழக்காளியின் சட்டத்தரணி கூடிய கவனத்தோடு நடந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி. அந்த வரியை நான் மூன்று தடவை வாசித்தேன். ஒரு வரியோடு விட்டாரே என்றிருந்தது.

நானா மேன்முறையீடு செய்யவில்லை. அவருடைய சட்டத்தரணி அவரிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிஸ்கால் இரண்டாம் தடவை வந்த நாளில் நானும் போனேன். போகச் சொல்லி எவரும் கூப்பிடவில்லை. சீமெந்துப் பைகளைக் கடை ஆட்கள் ஏற்கெனவே அகற்றியிருந்தார்கள். அளவு நாடா எட்டடியில் நின்றது. மறு பக்கத்துப் படிக்கட்டில் பழைய கட்டைகள் அப்படியே இருந்தன, சிவப்பு வெளிறிப் போயிருந்தது. தாய் எனக்குப் பால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். முன்பு போல அதிகம் பேசவில்லை, ஆனால் வைத்தார்.

கட்டளையின் பிரதியைப் பிள்ளை கையில் வாங்கிக்கொண்டாள். அவள் தமிழ் மொழிமூலம் படிப்பவள். சிங்களச் சட்ட வசனம் அவளுக்குச் சிரமம். ஒவ்வொரு பந்தியாக நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். திருத்தம் தீர்ப்பு வழங்கிய நாளிலிருந்தே செல்லும், அன்றிலிருந்தே தீர்ப்பு இப்படித்தான் இருந்ததாகக் கொள்ளப்படும் என்ற இடத்துக்கு வந்ததும் அவள் கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். தாயைப் போலவே.

"அப்ப இந்தப் பதினொரு மாசமும் எனக்கு எட்டடிப் பாத ஈந்திச்சா மிஸ்?"

"சட்டப்படி ஓம்," என்றேன்.

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். முச்சக்கர வண்டி ஒன்று பின்பக்கமாக, மெதுவாக, வாசலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாமப் போச்சே," என்றாள்.